எலி வரைந்த உறையை முதலில் பிரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலமாக இருக்கிறோம், இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் இதோடு சேர்ந்தே இன்னொரு கடிதமும் உனக்கு வரும், அதில் இந்த வரி இருக்காது. எப்போதும் நலம் என்று எழுதித்தானே தொடங்குவோம், இன்று சாயங்காலம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியபோது அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். இரண்டு உறையிலும் என் கையெழுத்துதான் இருக்கும், உனக்கு அடையாளம் தெரியாதே என்று இதன் மூலையில் ஓர் எலி வரைந்திருக்கிறேன், வால் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, சிரிக்காதே. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை விட்டாயா? குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் காகிதம் அங்கங்கே ஈரமாக இருக்கும், அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா அந்தப் பக்கம் தூங்குகிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மூச்சுவிடாமல் இருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், போன வாரம் கிடங்கில் பெட்டி இறக்கும்போது அப்பா வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மேஸ்திரியே தெருமுனையில் இருக்கும் கம்பவுண்டரிடம் கூட்டிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். கம்பவுண்டர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் ஆகல, வெறும் சுளுக்கு, பத்து நாள்ல சரியாயிடும், அதுவரைக்கும் வீட்டுல யாராவது பாத்திரம் கழுவச் சொன்னா என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்குங்க" என்று சிரித்தார். இது என் காதால் கேட்டது. ஆனால் அப்பா சொல்லி நான் எழுதியதில் கை உடைந்துவிட்டது என்று இருக்கும், மூன்று மாதம் கட்டோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக இருக்கும். கம்பவுண்டர்தானேப்பா பார்த்தார் என்று கேட்டேன். "டாக்டர்னே எழுது, கம்பவுண்டருக்கெல்லாம் அவ கிளம்பி வரமாட்டா" என்றார். அப்படியென்றால் வந்துவிடு என்று எழுதட்டுமா என்றேன். "வந்துடுன்னு எழுதாதே, வரணும்னு அவளுக்கே தோணற மாதிரி எழுது" என்றார். அக்கா, எனக்கு அப்படி எழுத வந்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. அதை மட்டும் படித்தால் நீ அன்றைக்கே வண்டி ஏறிவிடுவாய்.

உன் போன கடிதத்தை அப்பாவும் படித்தார். இத்தனை நாள் மற்றவர்கள் வரைந்த பக்கங்களுக்குக் கட்டம் போட்டும் பென்சில் கோட்டை அழித்தும் கறுப்பு இடங்களில் மை நிரப்பியும் கொடுத்துக்கொண்டிருந்த உன்னை ஆசிரியர் கூப்பிட்டு, உன் சொந்தப் படக்கதையாக எட்டுப் பக்கம் கொண்டு வா, மாதக் கடைசிக்குள் கொடுத்தால் பத்திரிகையில் போடுகிறேன், இந்தத் தடவையும் சரியில்லை என்றால் இனிமேல் கேட்காதே என்று சொன்னதை எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அப்பா இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பொம்மை போட்டுச் சோறு திங்க முடியுமா" என்று முன்பெல்லாம் கத்துவாரே, அதுவே பரவாயில்லை என்று இருந்தது. இது கிடைத்துவிட்டால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. கை நன்றாக இருந்த நாளில் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு அவர் வேலைக்குக் கிளம்புவார், படிக்கட்டில் பார்த்துக்கொள்வோம், சாவியைக் கொடுத்து "தாழ்ப்பாளைப் போட்டுக்கோ" என்பார், ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதற்கப்புறம் கீழ் வீட்டுத் தையல்கார அத்தையின் மிஷின் ஓடுகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை, அது நின்ற பிறகுதான் வீடு பெரிதாகிவிடும். அத்தை உன்னை விசாரித்தாள், "உங்க அக்கா இன்னும் பொம்மைதான் போடறாளா, அதுங்களுக்குச் சட்டை தைக்கணும்னா என்கிட்ட அனுப்பச் சொல்லுடி" என்றாள். இந்த வாரம் அப்பா வீட்டிலேயே இருக்கிறார், துணையாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீ அனுப்பிய பென்சில் நகல் எட்டும் வந்தது. நீ சொன்னபடியே பேச்சு எழுதிய இடங்களையெல்லாம் தாள் வெட்டி மறைத்துவிட்டு, படத்தை வைத்தே கதை புரிகிறதா என்று பார்த்தேன். ஐந்தாம் பக்கம் வரை ஒரு குழப்பமும் இல்லை, அந்த மழைப் பக்கம் ரொம்ப அழகு. போன தடவை ஆசிரியர் "என்னம்மா, இவங்க வீட்டுல யாருமே வாயைத் திறக்கமாட்டாங்களா" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாரே, நம் வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு எப்படி வரைய வரும், அதற்குப் பயந்துகொண்டு இந்தத் தடவை நீ எல்லாரையும் பேச வைத்துவிட்டாய். ஆறாம் பக்கத்தில் அந்தச் சின்னப் பெண் கதவைப் பார்த்து நின்றுகொண்டு, அம்மா எப்போது வருவார்கள், எனக்குப் பயமாக இருக்கிறதே என்கிறாள். பேச்சை மறைத்தால் அவள் காத்திருக்கிறவள் மாதிரியே இல்லை, டீச்சர் வெளியே நிறுத்திவைத்த பெண் மாதிரி இருக்கிறாள். அக்கா, காத்திருக்கிறவர்கள் கதவைப் பார்க்கமாட்டார்கள். வேறு எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். மடித்த துணியையே உதறி மறுபடி மடிப்பார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் கை மட்டும் நின்றுவிடும், சத்தம் மேல் மாடிக்குப் போய்விட்டால் கை திரும்ப மடிக்க ஆரம்பிக்கும், கண் கதவுப் பக்கம் போகவே போகாது. அவளை நமக்கு முதுகு காட்டி உட்கார வை, அந்தக் கை நிற்பதை ஒரு கட்டத்தில் தனியாகப் போடு, பேச்சை எடுத்துவிடு. ஆசிரியர் திட்டினால் திட்டட்டும். மற்றதெல்லாம் உனக்குத்தான் தெரியும், இது ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாவின் கடிதத்தைப் பெட்டியில் போடாமல் கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், மனம் வரவில்லை, அது அவருடையது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் இரண்டையும் சேர்த்தே போடுவேன். இதை நான் எழுதியது தெரிந்தால் அவர் அடிக்கமாட்டார், படிக்கட்டில் சொல்லும் அந்த ஒரு வார்த்தையையும் சொல்லாமல் போய்விடுவார். நீ வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா என்ன. அவர் சொல்லச் சொல்லப் பாதியிலேயே, பொய்யாக இருந்தால் என்ன, அக்கா வந்துவிட்டால் போதும் என்று எனக்கும் தோன்றிவிட்டது, அதனால்தான் அவ்வளவு நன்றாக எழுத வந்தது. ஆனால் நீ பாதிப் பக்கத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இங்கே வீக்கம்கூட இல்லாத கையைப் பார்த்தால் என்ன ஆகும்? நீயும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவீர்கள், நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் நீ திரும்பிப் போனாலும் அங்கே அடுத்தவர் பென்சில் கோட்டை அழிக்கும் வேலைதான் இருக்கும். அதனால் வராதே. எட்டுப் பக்கத்தையும் முடித்துக் கொடு.

உடம்பைப் பார்த்துக்கொள், கண் எரியும்வரை மை நிரப்பாதே, அறைத் தோழியோடு சண்டை போடாதே. அப்பா கடைசியாகச் சொன்ன "அவ நல்லா இருக்கட்டும்" என்பதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அதை மட்டும் அவர் யோசிக்காமல் சொன்னார். ஒன்றை மறந்துவிடாதே அக்கா. அவருக்குப் பதில் எழுதும்போது பொய் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. கட்டு இறுக்கமாக இருக்கிறதா, ராத்திரியில் வலிக்கிறதா, தலையணைமேல் கையை வைத்துத் தூங்குகிறீர்களா என்று உடைந்த கைக்கு விசாரிக்கிற மாதிரியே விசாரி, நிறைய விசாரி. வர முடியவில்லை என்பதை அதற்கப்புறம் ஒரே வரியில் எழுது. அவர் கையைப் பற்றி நீ எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்.

இப்படிக்கு,
உன் சுண்டெலி