ஓரத்தில் எழுதிய பெயர்

நேற்று மாதனூர்ச் சந்தையில் வேர்க்கடலையை ஓர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். கடலை தீர்ந்ததும் தாளைப் பிரித்துப் படித்தேன். எங்கோ ஒரு மில்லில் தீப்பிடித்து இரண்டு ‘ஹேண்ட்ஸ்’ செத்ததாக மூன்று வரி. உன் ஞாபகம் வந்தது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்த ‘ஹேண்ட்ஸ்’ என்ற சொல்லோடு எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

நீ ஆம்பூர் ஸ்டேஷனில் பத்திரிகை ஏஜென்டு. ஊர்ச் செய்தியை மெட்ராசுக்கு எழுதி அனுப்புகிறவனும் நீதான். நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. விற்காத தாள்களை எனக்குத் தருவாய். பள்ளிக்கூடம் போகாத நான் இங்கிலீஷ் கற்றது அவற்றில்தான்.

‘ஹேண்ட்’ என்றால் கை என்று தெரிந்த பிறகுதான் தொல்லை. தாளில் வழக்கு போலீஸ் கையில் இருக்கும், பங்களா கைமாறும், கவுன்சிலில் ஒரு கட்சியின் கை ஓங்கும். இதெல்லாம் நாமும் பேசுகிற பேச்சுதான். கப்பல் மூழ்கினால் மட்டும் எல்லாக் கைகளும் மூழ்கின என்று போட்டிருப்பான். அது மாலுமிகள் என்று நீ சொன்னாய். கேப்டனுக்குப் பெயர் இருந்தது. கைகளுக்கு இல்லை.

“இன்னாபா இது, மனுசனைக் கைன்றான்?”

“நம்ம மேஸ்திரி தலைக்கு இவ்ளோன்னு கூலி பேசறானே, அது மட்டும் இன்னா?”

“தலையில மூஞ்சியாவது இருக்குது.”

“உன்னாண்ட வாய் குடுத்தா பேஜாருப்பா” என்று சிரித்தாய்.

அந்த வருஷமே முனிசாமி செத்தான். என்னோடு வேலை செய்தவன்; தொட்டி ஓரத்தில் வழுக்கி உள்ளே விழுந்தான். மறுநாள் முதலாளி, அப்படி ஒருத்தன் தன் ஷாப்பில் வேலையே செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி கூட்டிவரும் ஆட்களின் பெயரை ஷாப்பில் யாரும் கேட்பதில்லை. தொட்டியாள், பட்டையாள் என்று வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் சொன்னது நின்றது.

முனிசாமியின் பெண்சாதி என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அண்ணா, பேப்பர்ல அவரு பேரு வருமா?” அச்சில் வந்துவிட்டால் அவன் இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது என நம்பினாள். நீ எழுதி அனுப்பினாய். ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்த காலையில் நானும் ஸ்டேஷனில் நின்றேன். ஆம்பூர்த் தோல் ஷாப்பு ஒன்றில் ஒரு ‘ஹேண்ட்’ இறந்தது. அவ்வளவே.

“பேரை எழுதினியா, இல்லியா?”

“எழுதனேன். எடம் இல்லன்னு எடுத்துட்டாங்க.”

“கீழ பாரு. கண்காட்சில பரிசு வாங்கின நாய்க்குப் பேர் போட எடம் இருந்துச்சா?”

நீ குனிந்து படித்தாய். “ஹேண்டுன்னு எழுதினது நான்தான்” என்றாய். “அப்படி எழுதினாத்தான் போடுவாங்க.”

நீ மீதிக் கட்டையும் பிரித்து, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, மைப்பேனாவை எடுத்தாய். ஒவ்வொரு தாளிலும் அந்தச் செய்திக்குப் பக்கத்து ஓரத்தில் தமிழில் எழுதினாய்: முனிசாமி, மாதனூர். கூடவே ஷாப்பின் பெயரும். மை காய ஊதி ஊதி அடுக்கினாய். அன்று வக்கீல் வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் முதலாளி வீட்டுக்கும் அந்தத் தாள்தான் போனது.

முதலாளி மெட்ராசுக்குப் புகார் எழுதினார். உன் ஏஜென்சி போயிற்று. முனிசாமியின் பெண்சாதி ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனாள். அச்சில் இல்லாதது செல்லாது என்று அனுப்பிவிட்டார். ஆனால் முனிசாமி அங்கே வேலை செய்யவில்லை என்று அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அவரும்தான்.

நீ பேரணாம்பட்டில் பீடிக் கடை வைத்துப் பிழைத்தாய். போன ஏஜென்சியைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்கிறவன் நான்தான். ஓரத்தில் நீ எழுதியது சரி. செய்திக்குள் ‘ஹேண்ட்’ என்று நீ எழுதியது தப்பு. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நேற்று அந்தக் கடலைத் தாளை விரித்துவைத்துப் பேனாவைத் திறந்தேன். அந்த இரண்டு பேர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை. ஓரம் வெறுமையாகவே இருக்கிறது. கடலைத் தோலைத் தட்டிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.