என் ரத்தம் சொன்ன சேதி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

எங்கள் ஆய்வகத்தில் வெள்ளையணுக்களை ஆராய்கிறோம் என்றேனே. அவை நோயோடு சண்டை போடுவதோடு நிற்பதில்லை. மனம் நொந்தால் மூளை தூண்டிச் சுரக்கும் ஹார்மோனை அவையும் கொஞ்சம் சுரக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் கையை நீட்டினேன்.

முடிவைப் பார்த்த பேராசிரியர் தனியே கூப்பிட்டார்.

"உன் அணுக்கள் இதை ரொம்ப அதிகமா சுரக்குதும்மா. வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

"அப்பா போயிட்டாரு சார். போன மாசம்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அழுதுடுவேன்னு பயம் சார்."

என் ரத்தத்தை நல்ல உடம்புக் கணக்கில் சேர்க்க முடியாதாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. முகம் கழுவப் போனவள் திரும்பக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தலைவலித் தைலம் ஒரு புட்டி அனுப்பு. அப்பாவுக்குக் கடைசியாக எந்தச் சட்டை போட்டீர்கள் என்றும் எழுது. அண்ணனைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். நான் வந்து கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதால், கண்ணை மூடினால் அப்பா தினம் ஒரு சட்டையில் வந்து நிற்கிறார்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் சின்னவள்