ஒச்சம்மாக்காவுக்குப் பென்ஷன் வந்த கதை

அன்பு மக ஷமாவுக்கு அம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையில இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல, சியரா லியோன்ல நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இங்க நல்ல மழை, ஆத்தூர் டேம் நெறஞ்சுருச்சாம், பைப்புல தண்ணி ஒழுங்கா வருது.

போன கடிதத்துல எழுதியிருந்தியே, அங்க நடந்த உள்நாட்டுச் சண்டையில ஒரு பொம்பளையோட ரெண்டு கையையும் வெட்டிட்டாங்க, கைரேகை வைக்க முடியலன்னு அவளுக்கு மாச உதவித்தொகை இல்லாமப் போச்சு, உதவித்தொகை குடுக்குற உங்க ஆபீஸ் மீட்டிங்குல நீ விடாமப் பேசி, ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சி சொன்னாப் போதும்னு மாத்த வச்சேன்னு. அதப் படிச்சதும் நம்ம பழைய நாள்தான் ஞாபகம் வந்துச்சு. உங்க அத்தா மவுத்தானப்ப உனக்கு ஒம்பது வயசு. அந்த விதவைப் பென்ஷனும் ரேஷன் அரிசியும் இல்லேன்னா உன் படிப்ப நிறுத்தியிருப்பேன். நீ வேலைக்குப் போனதும் எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன், ஆனா அந்த நன்றி மனச விட்டுப் போகல.

இங்க நடந்ததையும் கேளு. என்கூட தோல்ஷாப்புல இருபது வருஷம் தோல் ஊறுற சுண்ணாம்புத் தண்ணியில கையப் போட்டுக் கெடந்த ஒச்சம்மாக்காவுக்கு மூணு மாசமா முதியோர் பென்ஷன் வரல. பென்ஷன் குடுக்க வீட்டுக்கே ரேகை மிஷின் கொண்டு வர்ற மரியசெல்வியும் பாவம், வெரலத் தொடச்சுத் தொடச்சு வச்சுப் பாத்தா, ரேகையே விழல. விடு குர்ஷித், நான் செத்துட்டேன்னு மிஷினு நெனச்சிருச்சு போலன்னு அக்கா சிரிச்சுச்சு. ரெண்டு நாளா வெறுங்கஞ்சிதான் குடிச்சிருக்குன்னு அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. புள்ளகுட்டி இல்லாத உசுரு, யாருகிட்டப் போயி சொல்லும். மறுநாளே அக்காவக் கூட்டிக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்த அதிகாரி, ரேகை விழலேன்னா நாங்க என்னம்மா செய்யன்னாரு. நான் யாருகிட்டயும் எதுத்துப் பேசுனவ இல்லேன்னு உனக்கே தெரியும், அன்னைக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. என் மக வேல பாக்குற நாட்டுல கையே இல்லாதவங்களுக்கு வழி பண்ணிக் குடுக்குறாங்க தம்பி, இந்த அக்காவுக்குக் கை இருக்கு, ஒழைச்சு ஒழைச்சு ரேகைதான் போயிருச்சுன்னு சொல்லிட்டேன். அவரு எந்திரிச்சு வந்து அக்கா கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் கண்ணப் படம் புடிக்கிற மிஷின வரவச்சு அவரே கூட நின்னு பதிஞ்சு குடுத்தாரு. அந்தத் தம்பி நல்லா இருக்கணும். நின்னு போன பணமும் சேந்து வந்துருச்சு. அன்னைக்கே அக்கா கறிக்கொழம்பு வச்சு எனக்கும் ஒரு தூக்குவாளியில கொண்டாந்து, பாய் கடையிலதான் எடுத்தேன், யோசிக்காமத் தின்னுன்னுச்சு.

சண்டை நடந்த நாட்டுக்கு நீ கெளம்புனப்ப, போக வேணாம்னு ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடந்தேன். அது தப்பு தாயி, இப்பச் சொல்றேன்.

கொசுவலை கட்டாமப் படுக்காத, காய்ச்சல் மாத்திரைய வேளைக்குப் போடு. உன் ஹயாத்த அல்லாஹ் நூறு வயசுக்கு நீளமாக்கி வைக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மறந்துட்ட, அந்தப் பொம்பளையோட பேரு என்னன்னு நீ எழுதவே இல்ல. உடனே எழுது, துஆவுல பேரச் சொல்லிக் கேக்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
குர்ஷித் பேகம்
திண்டுக்கல்