முதுகு சாயும் இடம்

2024 நவம்பர் 12

திடல் கமிட்டிக் கூட்டம். இருபது பேரை வரச் சொல்லியிருந்தோம். வந்தது பாத்திரக்கடை பீர் மைதீன் அண்ணனும் பியூலா டீச்சரும். கூட்டமே என் ஜெராக்ஸ் கடையில்தான் என்பதால் நான் வந்ததாகக் கணக்கில்லை. டீச்சர் தலைவர், அண்ணன் பொருளாளர், நான் செயலாளர். மற்றவர்கள் எல்லாம் "எனக்கு வேண்டாம்" என்று முந்திக்கொண்டதால் கிடைத்த பதவி.

நிலவரம் இதுதான். பழைய சந்தைத் திடலைச் சீராக்குகிற செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மார்ச் முடிவதற்குள் கட்ட வேண்டும். தவறினால் திடல் கட்டண வண்டி நிறுத்தமாக ஏலத்துக்குப் போய்விடும்.

அண்ணனுக்கு மேடை வேண்டும். மாதம் ஒரு நாடகம், ஒரு பட்டிமன்றம் என்று ஆசை. டீச்சருக்குப் பிள்ளைகள் ஆடிப் பாட இடம் வேண்டும். எனக்குப் பெஞ்ச் வேண்டும். காலையிலிருந்து நின்றே வேலை பார்க்கிறவள் கடையை அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார இந்த ராஜபாளையத்தில் எங்கே இடம்? கோயிலை விட்டால் பஸ் ஸ்டாண்ட். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் "எந்த ஊருக்கு?" என்று கேட்கிறார்கள்.

நவம்பர் 19

ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அண்ணனுக்குத் தெரிந்த ஜவுளிக்கடை முதலாளி. காபி நன்றாக இருந்தது. "எங்களுக்குத் தேர் இருக்கு, கோபுரம் இருக்கு. ஒங்க ஊருக்கு மில்லு இருக்கு. மில்லுக்காரவியட்ட கேளுங்க" என்றார். ராஜபாளையத்துக்காரர்கள் காசு கேட்டு அவர் வாசலுக்கு வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 20

கால் வீக்கம். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 5

மில் முதலாளி கௌதம்ராஜ் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டு அம்மா வாசலிலேயே "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று உட்காரவைத்தார். ஊர்ப் பங்கில் பாதியைத் தானே தருவதாக கௌதம்ராஜ் சொல்லிவிட்டார்! அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நோட்டீஸ் போடுவீங்கள்லம்மா?"

போடாமல் இருப்போமா, என் கடையிலேயே அடித்துவிடுகிறேன் என்றேன்.

டிசம்பர் 16

எல்லாம் போச்சு.

நன்கொடையாளர் பெயர்களை எந்த வரிசையில் போடுவது என்று யோசித்தேன். யார் மனமும் நோகக்கூடாது என்று அகர வரிசையில் போட்டேன். எவ்வளவு நியாயமான யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன். வளையல் கடை அசீனா, போர்டு எழுதுகிற காளிராஜ், அவர்களுக்குக் கீழே மூன்றாவதாக கௌதம்ராஜ்.

காலையில் நோட்டீஸ் விநியோகம். மதியம் போன். "நான் ஒண்ணும் நெனைக்கலம்மா. வீட்லதான் வருத்தப்படுதாவ. மில்லு நெலமையும் இந்த வருசம் செரியில்ல. பொறவு பாப்போம்."

பொறவு என்றால் என்னவென்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா?

அண்ணன் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அகர வரிசையா? பள்ளிக்கூடத்துல ஆஜர் எடுக்கப் போறியாம்மா? காசு குடுக்கவியளுக்கு ஏதும்மா அகர வரிசை?"

பேரு, பேரு, பேரு. ஒரு மனுசன் பேரு நோட்டீஸுல ரெண்டு விரக்கடை கீழ வந்தா வானம் இடிஞ்சு விழுந்திருமா? எனக்கு ஏலல. திடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வண்டிய விட்டுக்கிடட்டும்.

டிசம்பர் 17

கடை திறந்தேன். நாள் முழுக்க ஆதார் ஜெராக்ஸ். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

2025 ஜனவரி 8

பக்கத்துக் கோயிலில் மார்கழிப் பொங்கல் வாங்க நின்றபோது மேலே பார்த்தேன். ஃபேன் ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார், உபயம் இன்னார். எந்த ஃபேன் முதல் ஃபேன், எது இரண்டாவது? யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அவரவர் ஃபேனை அவரவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆளுக்கொரு பெஞ்ச். பெஞ்சுக்கொரு பேர். மேலும் இல்லை, கீழும் இல்லை.

பொங்கல் வாங்க மறந்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். போன் எடுக்காத கோபத்தில் தண்ணீர்கூடத் தரவில்லை. விஷயத்தைச் சொன்ன பிறகு காபியே வந்தது.

ஜனவரி 21

பெஞ்ச் யோசனையைக் கேட்டதும் கௌதம்ராஜ் திரும்பி வந்துவிட்டார். முதலில் சொன்ன தொகையைத் தருகிறார், குடும்பத்தின் பெயரில் ஆறு பெஞ்ச். ஆனால் மாதிரி பெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார். காளிராஜ் ஒரு சிமெண்ட் பெஞ்சின் சாய்மானத்தில் அழகாக எழுதிக் காட்டினார். கௌதம்ராஜ் முன்னால் நின்று பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, ஆளு உக்காந்தா பேரு மறையுமே?"

"உக்காரத்தான சார் பெஞ்சு?"

"அது செரிதான்..." என்று இழுத்தார். கடைசியில் சாய்மானத்தின் பின்பக்கமும் எழுதுவதாக முடிவாயிற்று.

டீச்சரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வயிறு வலித்தது. மனுசன் உட்காருவது பெயருக்கு இடைஞ்சலாம்! இப்படியும் உண்டா?

பிப்ரவரி 15

செட்டியார்பட்டி போய் வந்தோம். ஒரு பெஞ்சுக்குத்தான் ஆள் கிடைத்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது, எனக்குக் கால். டீச்சர் மட்டும் தேவலை.

மார்ச் 27

பணத்தைக் கட்டியாயிற்று. அண்ணன் நகராட்சி அலுவலக வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். நான் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

திறப்பு விழா. சந்தோஷமாக இருக்கிறேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன். டீச்சரின் பிள்ளைகள் மேடையில் கும்மி அடித்தார்கள். விளக்கெல்லாம் எரிந்தது. பூங்காவும் இல்லாத, கடற்கரையும் இல்லாத ஊர் மொத்தமும் வந்து நின்றது.

கல்வெட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர்கள், பொறியாளர், ஒப்பந்தக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். கீழே நன்கொடை கொடுத்தவர்கள், இந்த முறை அகர வரிசை இல்லாமல். அண்ணனும் டீச்சரும் ஆளுக்கொரு பெஞ்ச் கொடுத்திருந்தார்கள், அதனால் இருக்கிறார்கள். கல்வெட்டு வாசகத்தை டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். மூன்று முறை பிழை பார்த்தேன். என் பெயர் இல்லை என்பது அப்போது எனக்கே தோன்றவில்லை. நான் கொடுத்தவள் இல்லையே, கேட்டு வாங்கியவள்தானே.

ஆகஸ்ட் 18

கடைக்குப் போகிற வழியில் மறுபடியும் கல்வெட்டைப் பார்த்தேன். எதற்கு? மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். ஒரே இரவில் முளைத்தா இருக்கும்?

வலிக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வலிக்கிறது. டீச்சரிடம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவ்வளவு சிரித்தவள் இன்று என்ன முகத்தோடு சொல்ல?

செப்டம்பர் 2

வேப்பமரத்துப் பக்கம் ஒரு பெஞ்ச் போட இடம் இருக்கிறது. நகராட்சியில் கேட்டேன், போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். புது ஜெராக்ஸ் மிஷினுக்கு வைத்திருந்த சீட்டுப் பணம் இருக்கிறது. பழைய மிஷின் இன்னும் ஒரு வருஷம் இருமிக்கொண்டே ஓடட்டும்.

காளிராஜிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"எம்புட்டுப் பெருசாக்கா எழுத?"

"ரொம்பப் பெருசா வேண்டாம்."

"ரெண்டு பக்கமுமா?"

செத்தேன். "ஒரு பக்கம் போதும். முன்னாடி."

"ஆளு உக்காந்தா மறைஞ்சிருமேக்கா?"

"உக்காரத்தான பெஞ்சு?" என்றேன், வீறாப்பாக.

செப்டம்பர் 14

நேற்றே எழுதி முடித்துவிட்டதாக காளிராஜ் சொன்னார். பெயிண்ட் காயட்டும் என்று இன்று வரை பொறுத்திருந்தேன். கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போனேன்.

பெஞ்சில் இரண்டு பெண்கள். மில் வேலை முடிந்து வந்தவர்கள் போல, காலடியில் சாப்பாட்டுப் பை. ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். பெயர் தெரியவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் 'உபயம்' என்பதன் 'உ' மட்டும் தெரிந்தது.

எழுந்து போவார்கள், ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். அவர்கள் எழவில்லை. கால் கடுத்தது. மற்றவள் என்னைக் கவனித்துவிட்டுப் பையை நகர்த்தினாள்.

"எம்புட்டு நேரமாக்கா நிக்கிய? வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். எந்த ஊருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சாய்ந்தபோது அந்த 'உ'வும் மறைந்திருக்கும்.