வாவுக்கும் வாங்கவுக்கும் நடுவே

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான், உன் அப்பா, தாத்தா, இரண்டு ஆடுகள், மழை வந்தால் சரியாக என் தலைக்கு மேலேயே ஒழுகுகிற அந்த ஒரு ஓடு, எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கப்பலே கவிழ்ந்தாலும் மூன்று வேளைச் சாப்பாட்டை விடாதவன் நீ என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்காகத்தான். பி.எட். படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து உனக்கு என் மேல் கோபம். பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு வந்தேன், என்ன ஆயிற்று என்று நீ கேட்கவும் இல்லை. ஆகவே சீட்டு கிடைத்ததா இல்லையா என்பதை இப்போது எழுதமாட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, பரீட்சைக் கேள்வித்தாளைக்கூடப் பின்னாலிருந்து படிக்கிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும்.

நீடாமங்கலத்தில் காலைப் பாசஞ்சரைப் பிடித்துத் தஞ்சாவூர் போனேன். உன் பாலிடெக்னிக் பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு போனேன், அடியில் உன் ஸ்கேலும் பாதி தின்ற கடலை மிட்டாயும் கிடந்தன, ஸ்கேலை வைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற அலுவலக ஆள் என்னைப் பார்த்ததும், பேரண்ட்ஸ் எல்லாம் அந்த மரத்தடியில உக்காருங்கம்மா, பிள்ளைங்கள மட்டும் உள்ள அனுப்புங்க என்றார். நான்தாங்க படிக்க வந்திருக்கேன் என்றேன். அட, அப்ப லைன்ல போயி நில்லு என்றார். கவனித்தாயா, பிள்ளையைப் பெற்றவளாக இருந்தவரைக்கும் உக்காருங்க, படிக்க வந்தவள் என்றதும் நில்லு. ஒரு வாக்கியத்துக்குள் என் ங்க காணாமல் போய்விட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், ஆன்ட்டி உங்க பொண்ணு எங்கே என்று கேட்டது. எனக்குப் பையன்தான், அவன் சிங்கப்பூர்ல கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறான் என்றேன். அது சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

உள்ளே பிரகதீஸ்வரி என்று ஒரு பேராசிரியை, மதிவாணன் என்று ஒரு பேராசிரியர். அவர்கள் இரண்டு பேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாம், நான் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். ஆறாம் வகுப்புப் பையனுக்கு வழுக்கையும் தொந்தியும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார், சிரிப்பை அடக்கவே பாதி சக்தி போய்விட்டது. மரியாதைச் சொல் பற்றிய இலக்கணத்தை எடுத்துக்கொண்டேன். பலகையில் ஒரு ஓரத்தில் வா என்றும் மறு ஓரத்தில் வாங்க என்றும் எழுதிவிட்டு, மதி, எழுந்து வாங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன வரும்னு எழுதுங்க என்று கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. யாரும்மா பிள்ளைங்கள வாங்கன்னு கூப்பிடுவா, ஒரே வாரத்துல கிளாஸு உன் தலையில ஏறி உக்காந்துக்கும், வாடான்னு ஒரு அதட்டு போட்டாத்தான் அடங்கும் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வருமோ அந்தக் கோபம், உனக்குத் தெரியும். சார், எங்கப்பா பேரு ரெத்தினம், பண்ணை வேலை பார்த்தவரு, அவரு தலை நரைச்ச பிறகும் பண்ணை வீட்டுல பால்பல்லு விழாத பையன் டேய் ரெத்தினம் வாடான்னுதான் கூப்பிடுவான், எங்க தெருவே அப்படித்தான் அடங்கிக் கெடந்துச்சு, அடக்குறதுதான் பாடம்னா அத எங்க ஊரு வரப்புலயே நடத்துறாங்க, அதுக்கு எதுக்கு சார் ரெண்டு வருஷப் படிப்பு என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் சீட்டு ஞாபகம் வந்தது. போச்சு, இனி திரும்பிப் போகிற ரயில்தான் என்று நினைத்தேன்.

பிரகதீஸ்வரி அம்மாதான் பேச்சை எடுத்தார்கள். நடுவுல ஒண்ணு வரும்னீங்களே, அது என்ன, எழுதிக் காட்டுங்க என்றார்கள். நான் வாவுக்கும் வாங்கவுக்கும் நடுவில் வந்தாச்சா என்று எழுதினேன். நான் பி.ஏ. முடித்ததிலிருந்து ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் என்னிடம் இந்தப் பாஷைதான் பேசுகிறார்கள். பட்டம் வாங்கினவளை வா என்று கூப்பிட வாய் கூசுகிறது, நம் தெருக்காரியை வாங்க என்று கூப்பிட மனசு வரவில்லை. அதனால் வந்தாச்சா, சாப்பிட்டாச்சா, எப்ப போறது என்று ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசித் தப்பித்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும் மதிவாணன் சார் நெளிந்தார். என்னைப் பார்த்து, அதெல்லாம் சரி, வீட்டுல பையன் இருக்கான்ல, அவன மட்டும் எப்படிக் கூப்பிடுறது என்று கேட்டார். சார், சார், இதுதான் சார் அது, இப்ப நீங்க பேசுனீங்களே என்று பலகையைக் காட்டிக் கத்திவிட்டேன். பிரகதீஸ்வரி அம்மா மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார், பாவம், நல்ல மனுஷன்தான். மாட்டிக்கிட்டேன், இப்ப சொல்லுங்க, பையன எப்படிக் கூப்பிடுவீங்க என்றார், ங்க திரும்பி வந்துவிட்டது. எருமைமாடேன்னு கூப்பிடுவேன் சார் என்றேன். உன்னை ஒரு பல்கலைக்கழகத்தில் அறிமுகம் செய்துவைத்தது அப்படித்தான், கோபித்துக்கொள்ளாதே. ஆனா அவனும் என்னைப் பதிலுக்கு வா போன்னு பேசுவான் சார், சண்டை போடுவான், பதிலுக்குப் பேச முடியுற இடத்துல எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் பாசம், பேச முடியாத இடத்துலதான் அது அதிகாரம், வித்தியாசம் அம்புட்டுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டியல் போன வெள்ளிக்கிழமை வந்தது. உன் அம்மா பேர் அதில் இருக்கிறது. கடைசிக்கு இரண்டு பேர் முன்னால்தான், இருந்தாலும் இருக்கிறது. உன் அப்பா அறுவடை மிஷினை நடு வயலில் நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தார், வயல்காரர் ஓடிவந்து திட்டியிருக்கிறார். இப்போது காலைச் சமையல் அவர் பொறுப்பு. முதல் நாள் வைத்த சாம்பாரை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சேதி ஊரெல்லாம் பரவி, சனிக்கிழமை நானும் தாத்தாவும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, தாத்தா வேலை பார்த்த அதே பண்ணை வீட்டுப் பஞ்சநதம் வந்தார். என்ன, சீட்டு கெடச்சாச்சாமே, எப்ப போறது, ரயில்லயா பஸ்ஸுலயா என்றார். எப்போதும் ஆமாங்கய்யா என்றுதான் வாயில் வரும். அன்றைக்கு என்னவோ, கெடச்சாச்சு, அடுத்த மாசம் போறது, அங்க குறுவை அறுத்தாச்சா, நெல்லு காஞ்சாச்சா என்று அவர் காசையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்த இடத்தில் அடி விழுந்தது என்று மனுஷனுக்குப் பிடிபடவில்லை. அறுத்தாச்சு அறுத்தாச்சு என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். தாத்தா வீடு வருகிற வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஐயாகிட்ட அப்படியா பேசுவ என்று படியில் கால் வைக்கும்போது திட்டினார். சாப்பிடும்போது தானாகவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், புரை ஏறிவிட்டது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வயசுல நோட்டுப் புத்தகம் தூக்கிட்டுப் போனா ஊரு சிரிக்கும், நான் சம்பாதிக்கிறேன்ல என்றாய். ஊர் நம்மைப் பார்த்துச் சிரிக்காத வருஷம் எது என்று சொல். படித்து, டெட் தகுதித் தேர்வு எழுதி, வேலை ஆர்டர் கைக்கு வருவதற்குள் பல் விழுந்துவிடும் என்றாய். விழட்டும், பல் இல்லாமல் த, ந எழுத்துகளை எப்படிச் சொல்லித் தருவது என்று பிரகதீஸ்வரி அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதைச் சொல்லிக்காட்டத்தான் நான் படிக்கக் கிளம்பினேன் என்று நினைக்கிறாய். இல்லைடா. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்கு இந்த ஆசை உண்டு, நீ குறுக்கே பிறந்துவிட்டாய், அவ்வளவுதான்.

அந்தச் சண்டைக்கு அப்புறம் நீ போனில் என்னிடம் எப்படிப் பேசுகிறாய் என்று உனக்குத் தெரியுமா? சாப்பிட்டாச்சா. மாத்திரை போட்டாச்சா. அப்பா வந்தாச்சா. நீ என்கிற வார்த்தையே இல்லை, அம்மா என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. பலகையில் அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குப் பஞ்சநதம் மட்டும் ஞாபகம் வரவில்லை. ஊர்க்காரன் அப்படிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வருகிறது, நீ பேசினால் சோறு இறங்கவில்லை. கோபம் இருந்தால் நேராகத் திட்டு, ஏன்டி இந்த வயசுல என்றுகூடக் கேள், பதிலுக்கு நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நடுச்சொல் மட்டும் நம் வீட்டுக்கு வேண்டாம்.

வேலை செய்யும்போது முகமூடியைக் கழற்றாதே, பெயிண்ட் நெடி நெஞ்சைப் பிடிக்கும். உன்னோடு ரூமில் இருக்கும் ஷஹ்பாஸையும் கேட்டதாகச் சொல். எந்தக் குறையும் அண்டாமல், யார் அதட்டலுக்கும் பயப்படாமல் நீ நன்றாக இரு. அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வகுப்பு, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அன்று காலை நான் ரயிலில் இருப்பேன், கூட்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். ஏம்மா, நீ கிளம்பிட்டியா என்று கேள். கிளம்பியாச்சா என்று கேட்டால் கட் பண்ணிவிடுவேன்.

இப்படிக்கு,
எருமைமாட்டைப் பெற்ற அம்மா,
ரெ. மலர்க்கொடி, பி.எட். முதலாம் ஆண்டு