காணிக்கைப் பையில் சர்க்கரை மாத்திரை

வியாழக்கிழமை, இரவு.

இப்படித்தான் ஆகும் என்று அன்றே சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர், மாத்திரை சாப்பிடுகிறவன் விசுவாசி இல்லை என்று எங்கள் எஸ்டேட் சபையில் பிரசங்கித்தபோதே அது விஷம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேதத்தில் நான் படிக்காத அதிகாரம் கிடையாது. மற்றவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். கொழுந்து எடுக்கும் ரோசி தன் சர்க்கரை மாத்திரைகளைக் காணிக்கைப் பையிலேயே போட்டுவிட்டாள்.

இன்று காலை இலை எடை போடும் இடத்தில் மயங்கி விழுந்தாள். நான்தான் ஜீப்பில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் மூன்று காட்டெருமைகள். ஒரே ஹாரனில் ஓடிவிட்டன.

சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. அந்த ஊழியக்காரரை இனி அழைக்கக் கூடாது என்றேன். பாஸ்டர் இழுத்தார்.

"ஏனுங்கண்ணா, அவரு வந்தாத்தானுங்க கூட்டம் நெறையுது. இன்னொருக்கா பேசிட்டுப் போகட்டுமுங்க."

"கல்லறைத் தோட்டமும் சேந்து நெறையும், பரவால்லீங்களா?" என்றேன்.

"மாமாவுக்கு எப்பவும் பெரிய பேச்சுத்தானுங்க," என்று செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா பொணந்தான்னு டாக்டரே என் கையைப் புடிச்சுச் சொன்னாருங்க!" என்றேன்.

பாஸ்டரே நோட்டை எடுத்தார். அந்த ஆளுக்கு இனி இங்கே பிரசங்கம் இல்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ரோசி கண் விழித்துவிட்டாள். ஆனால் மாத்திரை கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்கிறாளாம். விசுவாசம் போய்விடும் என்கிறாளாம். நாளை நானே போய்ப் பேசி விழுங்க வைப்பேன்.

டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்னாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து, கமிட்டியில் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகும் அந்த ஆளை மேடை ஏற விடமாட்டேன்.