மாப்பிள்ளை கொண்டுவந்த ஏர்கன்

மார்ச் 3, செவ்வாய்

ஃபேக்டரியில் மூன்றாம் வரிசை ஓவர்லாக் தையல் மிஷின் மறுபடியும் நூலைக் கடித்துத் துப்பியது. அரைநாள் அதற்கே போயிற்று. சூப்பர்வைசர் தலைக்கு மேல் வந்து நின்றுகொண்டு, "அக்கா, இன்னுமா?" என்றான். "நீ நகந்தா வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தா வேலை முடியும்." நகர்ந்தான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாப்பிள்ளை. தனியாக. கையில் சாக்கு சுற்றிய ஏர்கன், புறா சுடுகிற காற்றுத் துப்பாக்கி. அவருடைய மாமா வைத்திருந்ததாம், எனக்கே மூத்தது. "அத்தை, நீங்க தையல் மிஷினையே பேச வைக்கிறவங்க. இதோட ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கு. சில நேரம் மடக்கின குழலை மூடும்போதே தானா வெடிக்குது. கொஞ்சம் பாருங்களேன்."

மகள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலைவலியாம்.

மார்ச் 5, வியாழன்

பிரித்துவிட்டேன். பெரிய ஸ்பிரிங்கை நீளக் கிளாம்ப் போட்டு அடக்கித்தான் பின்னை உருவ வேண்டியிருந்தது. கை தவறியிருந்தால் மூக்கு போயிருக்கும். உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து தார் மாதிரி. ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து நிறுத்தும் கொக்கிதான் வில்லங்கம்: அதன் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டது. அதனால்தான் பிடித்தால் பிடிக்கிறது, இல்லையென்றால் வழுக்குகிறது.

அழகான வேலைப்பாடு. செய்தவன் யாரோ, கெட்டிக்காரன். மிஷின் ஊசியைத் தவிர வேறு எதையும் இவ்வளவு ஆசையாகத் தொட்டு நாளாயிற்று.

மார்ச் 7, சனி

கொக்கியின் விளிம்பை எண்ணெய்க் கல்லில் வைத்துத் தேய்த்தேன். அழுத்தாமல், சாய்வு மாறாமல். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் அவ்வளவுதான், தொட்டால் வெடிக்கும் பொருளாகிவிடும். துளி கிரீஸ். ட்ரிகர் ஸ்க்ரூவைக் கால் திருகல், இன்னொரு கால் திருகல். ஈய ரவை போடாமல் குழலை மூடி, துப்பாக்கிக் கட்டையின் அடிப்பக்கத்தைப் பலகையில் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு ரவை போட்டு, பழைய டெலிபோன் டைரக்டரியை நிறுத்திச் சுட்டேன். விரல் அழுத்தியது தெரியாமலே வெடித்தது. எனக்கே சிரிப்பு வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மாப்பிள்ளை வந்து வாங்கிக்கொண்டார். மொட்டை மாடியில் ஏறி எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த புறாவைச் சுட்டார். உடனே சாகவில்லை. ஒரு இறக்கையால் அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. மாப்பிள்ளை அடுத்த ரவையைப் போடாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "போட்டு முடிச்சு விடுங்க, பாவம்" என்றேன். "இருங்க அத்தை, என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

சாப்பிடச் சொல்லவில்லை நான். அவரும் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மகள் போனை எடுக்கவில்லை. சம்பந்தியம்மா எடுத்தாள். "குளிக்கிறா." எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறாள். அவள் என்ன, தண்ணீரிலேயே கிடக்கிற மீனா?

மார்ச் 17, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

சாப்பாட்டு இடைவேளையில் மகள் ஃபேக்டரி கேட்டில் வந்து நின்றாள். வெயிலில் முகம் வெளிறிக் கிடந்தது. காலை இழுத்து நடந்தாள். கட்டிங் ரூமுக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் கட்டு. பிரித்தால் சின்னதாக ஒரு ஓட்டை, சுற்றிலும் கறுப்பு. முட்டிக்கு மேலே வேறு தழும்புகள். பெல்ட் அடி. பழசு, புதுசு, அதற்கு மேல் புதுசு.

"சுவர் மேல டப்பா வைக்கச் சொன்னாரு. வச்சேன். திரும்பி வரும்போது 'ஓடு'ன்னாரு."

"ஓடினியா?"

"ஓடினேன்மா."

டாக்டரிடம் பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டாகச் சுட்டுவிட்டான் என்று சொல்லச் சொன்னார்களாம். சம்பந்தியம்மா கூடவே நின்றாளாம். ரவையை எடுக்கும்போது கத்தக்கூடாது என்று வாயைப் பொத்தினாளாம்.

பிறகு அவள் சொன்னது: "உன்னைப் பாராட்டினாரும்மா. 'உங்கம்மா கை வச்சா வச்சதுதான், விரல் பட்டாலே போதும்'னு சிரிச்சாரு."

இங்கேயே இரு என்றேன். மாட்டேன் என்றாள். போகாவிட்டால் அவன் இங்கே வந்துவிடுவான் என்றாள். மணி அடித்தது. நான் போக விட்டேன். மூன்றாம் வரிசைக்குப் போய் ஸ்க்ரூ முடுக்கினேன். கடவுளே, நான் ஏன் போக விட்டேன்?

மார்ச் 18, புதன்

லீவு போட்டேன். இடது கையில் கட்டு. நல்லவேளை, எழுதுவது வலது கை.

பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன, சொல்லாம கொள்ளாம?" நான் மகளைக் கூப்பிட்டேன். "பையை எடுத்துட்டு வா." உள்ளே இருந்து அவன் வந்தான். லுங்கி, வெற்று மார்பு, கையில் அது. என் முன்னாலேயே குழலை மடக்கினான், ரவையை வைத்தான், மூடினான். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம்.

"ஒரு அடி எடுத்து வச்சுப் பாருங்க அத்தை."

ஒரு தடவைதான் சுட முடியும். அடுத்ததற்கு மறுபடி மடக்க வேண்டும், ரவை தேட வேண்டும். அதுவரைக்கும் அது வெறும் கட்டை. அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது. இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சுட்டான். முழங்கைக்குக் கீழே ஆணி அடித்தது போல் இறங்கியது. நான் நிற்கவில்லை. அவன் குழலை மடக்கப் பார்த்தான். பாதி மடங்கியபோதே பிடித்துவிட்டேன். இழுத்த இழுப்பில் அவன் சுவரில் மோதினான். துப்பாக்கி என் கைக்கு வந்தது. கட்டையால் அடித்தேன். தோளில் ஒன்று. எலும்பு உடைந்தது கையில் தெரிந்தது. வாயில் ஒன்று. பல் தரையில் விழுந்து உருண்டது. "அத்தை, அத்தை" என்றான். விழுந்தவனையும் அடித்தேன். சம்பந்தியம்மா அரிவாள்மணையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிக் கத்தினாள். அடித்தேன். கட்டை பிளந்தது. பிளந்த கட்டையாலும் அடித்தேன்.

"அம்மா, போதும்! செத்துருவாரும்மா!"

மகள்தான் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். நானாக நிறுத்தவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

ஸ்டேஷன். அவன் மேல் ஒரு கேஸ், என் மேல் ஒரு கேஸ். எஸ்.ஐ. துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பழசு, ட்ரிகர் என்னமா இருக்கு! எந்தக் கடையில ரிப்பேர் பாத்தாங்க?" என்றார்.

"நான்தான் சார் பாத்தேன்."

பேனாவைக் கீழே வைத்தார். 

மார்ச் 24, செவ்வாய்

அவன் பிழைத்துக்கொள்வான். தோள்பட்டையில் தகடு, தாடையில் கம்பி. கட்டு அவிழ்த்ததும் ஆஸ்பத்திரியிலிருந்தே ஜெயிலுக்காம். எனக்கு ஜாமீன். அவன் பிழைப்பான் என்று கேட்டதும் வந்தது நிம்மதியா, ஏமாற்றமா? தெரியவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அலமாரி மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். கீழே உட்கார்ந்திருந்த மகள் சட்டென்று தலையை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டாள். "நான்டி, உன் அம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள். பிறகு: "நீயும் அவரு மாதிரியேதான் இருந்த அன்னிக்கு. மூஞ்சிகூட."

ஏப்ரல் 11, சனி

பேசுவதில்லை. சொன்னதைச் செய்கிறாள். தட்டில் போட்டதைத் தின்கிறாள். உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை. என்னையும் அவள் சமாளிக்கிறாள். அவனைச் சமாளித்த மாதிரியே.

ஏப்ரல் 12, ஞாயிறு

இப்படியே போனால் நான் ஜெயித்ததுதான் என்ன?

மே 9, சனி

சூப்பர்வைசரிடம் இவளுக்கு ஒரு வேலை கேட்டு வைத்திருந்தேன். திங்கட்கிழமை பேக்கிங்கில் சேரச் சொன்னான். இரவுச் சாப்பாடு வைத்துக்கொண்டே இவளிடம் சொன்னேன்.

"என்னைக் கேட்டியா?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? நல்ல வேலை—"

"என்னைக் கேட்டியாம்மா?" எழுந்துவிட்டாள். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "கல்யாணத்தையும் நீயே முடிவு பண்ணின. கூட்டிட்டு வந்ததும் நீயே. இப்ப வேலையும் நீயேவா? எனக்கு அந்த ஃபேக்டரி வேணாம். அந்தத் தூசி வேணாம். எனக்கு என்ன வேணும்னு இன்னும் தெரியல, தெரிஞ்சா நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ சும்மா இரு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாத!" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

கீல் ஒன்று தளர்ந்து தொங்குகிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்; திரும்ப வைத்துவிட்டேன். இன்னும் நாலு தடவை சாத்தட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.